ஆட்டத்துக்கு முதுகு காட்டி நிற்பவர்கள்

டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கூ மைதானத்தில் வசந்தகாலத்திலும் இலையுதிர்காலத்திலும் சனி, ஞாயிறு பகல்களில் ஆறு பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் பேஸ்பால் ஆடிக்கொள்கின்றன. வசேதா, கெயோ, மெய்ஜி, ஹோசெய், ரிக்கியோ, டோக்கியோ. 1925இல் ஆறாவதாக டோக்கியோ பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தது. அதன்பின் இந்தப் பட்டியலில் ஒரு பெயர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2025இல் லீக்குக்கு நூறு வயது நிறைந்தது. பேஸ்பால் பார்க்கவென்றே ஜப்பானுக்கு வருகிற வெளிநாட்டு ரசிகர்கள் முன்கூட்டியே சீட்டு வாங்கிவைப்பது தொழில்முறை அணிகளின் இரவு ஆட்டத்துக்கு. கோடையில் வருபவர்களானால் கோஷியெனில் நடக்கும் உயர்நிலைப் பள்ளிப் போட்டிக்கு. இரண்டுக்கும் நடுவே நிற்கும் கல்லூரி ஆட்டம் அவர்கள் திட்டத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரு பகல் சும்மா கிடைக்கிறதே என்று எட்டிப்பார்க்கப் போய், இரண்டு ஆட்டமும் முடியும்வரை எழுந்திருக்காதவர்கள் உண்டு.

கின்ஸா சுரங்க ரயிலில் கையென்மாயே நிலையத்தில் இறங்கினால் மைதானம் சில நிமிட நடை. சற்றுச் சுற்றிப் போகச் சம்மதமென்றால் கிங்கோ மரச்சாலை வழியாகப் போகலாம். நான்கு வரிசையில் 146 மரங்கள். ஏப்ரலில் துளிர், நவம்பரில் முழு மஞ்சள். மைதானம் 1926 அக்டோபரில் திறக்கப்பட்டது. வளைவுகள் வைத்துக் கட்டிய கான்கிரீட் வெளிச்சுவர் இன்னும் அந்தக் காலத்து முகத்தோடுதான் நிற்கிறது. 1934இல் பேப் ரூத் இங்கே ஆடினார். அவர் ஆடி, இன்றைக்கும் ஆட்டம் நடக்கிற மைதானங்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. போர் முடிந்ததும் அமெரிக்கப் படை இதை எடுத்துக்கொண்டு வேறு பெயர் வைத்து 1952வரை தன் வசம் வைத்திருந்தது.

இடத்தின் சொந்தக்காரர் மெய்ஜி ஆலயம். குடியிருப்பவர்களில் மூத்த குடித்தனம் மாணவர்கள். இன்று யாகுல்ட் ஸ்வாலோஸ் என்று அழைக்கப்படும் தொழில்முறை அணி 1964இல்தான் வந்து சேர்ந்தது. கல்லூரிப் பருவம் நடக்கும் வார இறுதிகளில் பகல் மாணவர்களுடையது. கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள் அதுவரை பக்கத்தில் வேறு இடத்தில் பயிற்சி செய்துகொண்டு காத்திருப்பார்கள். பதிலுக்கு மாணவர்களும் ஒன்று விட்டுக்கொடுக்கிறார்கள்: இரவு ஆட்டம் இருக்கிற நாளில் 9 இன்னிங்ஸ் முடிவில் ஓட்டங்கள் சமமாக இருந்தால் ஆட்டம் நீளாது, சமன் என்றே எழுதி முடித்துவிடுவார்கள்.

இந்த ஏற்பாடு இதே கட்டடத்தில் இனி அதிக நாள் நீடிக்காது. ஜிங்கூ வெளிப்பூங்கா முழுவதையும் மாற்றிக் கட்டும் திட்டத்துக்கு டோக்கியோ பெருநகர அரசு 2023 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. பழைய ரக்பி மைதானம் இடம் மாறும். அது காலிசெய்யும் இடத்தில் புதிய பேஸ்பால் மைதானம் எழும். மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து இசையமைப்பாளர் ரியூயிச்சி சகமோதோ, இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். 1978இல் இதே மைதானத்தில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நாவல் எழுதலாம் என்று தோன்றியதாகச் சொல்லும் ஹருகி முரகாமியும் திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அவர் அன்று பார்த்தது தொழில்முறை ஆட்டம், படித்ததென்னவோ வசேதாவில்.

சீட்டு வாங்கும் இடத்தில் வெளிநாட்டவருக்கு முதல் சிக்கல் வருகிறது. விலையில் ஒன்றுமில்லை, தொழில்முறை ஆட்டத்தோடு ஒப்பிட்டால் மலிவுதான். முதல் பேஸ் பக்கமா, மூன்றாம் பேஸ் பக்கமா என்பதுதான் கேள்வி. உள்ளூர்க்காரருக்கு அது கேள்வியே இல்லை. தான் படித்த கல்லூரி, அப்பா படித்த கல்லூரி, மகன் நுழைவுத் தேர்வில் கோட்டைவிட்ட கல்லூரி என்று ஏதாவது ஒன்று அவரைக் கைப்பிடித்து ஒரு பக்கம் கொண்டுபோய் உட்காரவைத்துவிடும். வெளியூர் ரசிகருக்கு நட்சத்திர வீரரும் தெரியாது, ஊர்ப்பற்றும் கிடையாது. ஒன்றும் தோன்றாமல் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், வலைக்கு நேராக உட்கார்ந்துவிடுவார். பந்தைப் பார்க்க அதுவே நல்ல இடம். ஆனால் இங்கே பார்க்கவேண்டியதில் பாதி பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது.

அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1872இல் ஹோரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர், பின்னாளில் டோக்கியோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு பள்ளியில் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஆக, ஜப்பானில் பேஸ்பால் தொடங்கியது தெருவிலோ தொழிற்சாலையிலோ அல்ல, வகுப்பறையின் பின்வாசலில். 1896இல் முதலாம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் யோகோஹாமாவில் குடியிருந்த அமெரிக்கர்களை 29-4 என்று தோற்கடித்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. பிறகு தனியார் பள்ளிகள் தலையெடுத்தன. 1903 நவம்பரில் வசேதா மாணவர்கள் கெயோவுக்குச் சவால் கடிதம் அனுப்பினார்கள். மீதா பகுதியில் கெயோவின் மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் கெயோ 11-9 என்று வென்றது.

மூன்றே ஆண்டில் விஷயம் கைமீறியது. 1906 இலையுதிர்காலத்தில் முதல் ஆட்டம் கெயோவுக்கு, இரண்டாவது வசேதாவுக்கு. வென்ற பக்கம் ஒவ்வொரு முறையும் தோற்ற பல்கலையை நிறுவியவரின் வீட்டு வாசலுக்கே ஊர்வலமாகப் போய் வெற்றி முழக்கமிட்டது. மூன்றாவது ஆட்டம் நடந்தால் ரத்தம் பார்க்காமல் ஓயாது என்று அஞ்சி அதை நிறுத்தினார்கள். நிறுத்தியது நிறுத்தியதுதான், 19 ஆண்டுகள் இரண்டு பல்கலைகளும் ஒன்றோடொன்று ஆடவில்லை. 1914இல் மெய்ஜியையும் சேர்த்து மூன்று பல்கலைகள் ஒரு லீக் தொடங்கியபோதுகூட அதில் வசேதாவும் கெயோவும் தங்களுக்குள் மோதிக்கொள்ளவில்லை. முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பங்காளிகளை ஒரே பந்தியில் உட்காரவைத்து நடத்திய லீக் அது. 1917இல் ஹோசெய், 1921இல் ரிக்கியோ, 1925இல் டோக்கியோ என்று ஆள் சேரச் சேர, ஆறு பேரும் ஆறு பேரோடும் ஆடாவிட்டால் லீக்குக்கு அர்த்தமில்லை என்றாகி, அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் பழைய பகை மறுபடி களத்துக்கு வந்தது.

தொழில்முறை லீக் 1936இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் நாட்டின் உயர்ந்த பேஸ்பால் மாணவர்களுடையதே. வானொலி வந்த புதிதில் ஊர்ஊராகக் கேட்கப்பட்டது இந்த ஆட்டங்கள்தான். வசேதா-கெயோ ஆட்டத்தின் நடுவே, அந்தி சாயும் மைதானத்துக்கு மேலே கூடு திரும்பும் காகங்களையும் சேர்த்து வருணித்த மட்சுஉச்சி நோரிஸோ, வருணனையாளர் என்ற வேலைக்கே அங்கே முகவரி தேடிக்கொடுத்தார். கூட்டம் தாங்காமல் 1931இல் ஜிங்கூவைப் பெரிதாக்க வேண்டிவந்தது. மாணவர் ஆட்டம் இப்படி வியாபாரமாகிறதே என்று கவலைப்பட்ட கல்வி அமைச்சகம் 1932இல் கட்டுப்பாட்டு விதிகள் போட்டது. கவலை அதற்கும் பழையது: 1911இல் டோக்கியோ அசாஹி நாளிதழ் பேஸ்பாலின் தீமைகள் என்று ஒரு தொடரே வெளியிட்டது. நான்கு ஆண்டு கழித்து அதே அசாஹி குழுமம் உயர்நிலைப் பள்ளிப் பேஸ்பால் போட்டியைத் தொடங்கி நடத்தியதைப் பத்திரிகைத் தொழில் அறிந்தவர்கள் விசித்திரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

லீக் நடக்கும் முறை எளிது. ஒரு வார இறுதியில் இரண்டு ஜோடிகள் மோதும். சனியன்று இரண்டு ஆட்டம், ஞாயிறன்று அதே ஜோடிகளுக்கு இடம் மாற்றி இரண்டு ஆட்டம். ஒரே எதிரியை இரண்டு முறை வென்றால்தான் ஒரு புள்ளி. ஆளுக்கொன்று என்று வந்தால் திங்களன்று மூன்றாவது ஆட்டம். பட்டம் மொத்த வெற்றிகளை எண்ணித் தரப்படுவதில்லை, புள்ளிகளை எண்ணியே தரப்படுகிறது. எத்தனை ஆட்டம் வென்றாய் என்பதைவிட யார்யாரை மடக்கினாய் என்பதையே இந்தக் கணக்கு கேட்கிறது. ஐந்து எதிரிகள், ஐந்து புள்ளிகள். வென்ற பல்கலைக்குப் பேரரசர் கோப்பை. வசந்தத்தில் வென்றவர் ஜூனில் நாடெங்கிலுமிருந்து வரும் லீக் வெற்றியாளர்களோடு 1952 முதல் நடந்துவரும் அகில ஜப்பான் பல்கலைப் போட்டியில் ஆடுவார். அதில் தோற்றால் வருத்தம் உண்டு; ஆனால் பழைய மாணவர் கூட்டங்களில் பத்து ஆண்டு கழித்தும் பேச்சில் அடிபடுவது ஆறு பேருக்குள் நடந்ததுதான்.

காலை ஆட்டத்துக்குச் சற்று முன்பே இரு பக்க ஆதரவாளர் பகுதிகளும் தயாராகிவிடும். ஒவ்வொரு பல்கலைக்கும் ஆதரவுக் குழு என்று ஓர் அமைப்பு உண்டு. பேஸ்பால் கிளப்பைப் போலவே அதற்கும் தலைவர், துணைத்தலைவர், பயிற்சி, முகாம், புதிதாகச் சேர்ந்தவருக்கான கடுமை எல்லாம் இருக்கின்றன. மூன்று பிரிவு: வழிநடத்துபவர்கள், பித்தளை வாத்தியக் குழு, நடனக் குழு. வழிநடத்துபவர்கள் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சீருடையில் இருப்பார்கள். மே மாத வெயிலிலும் அதுதான், செப்டம்பர் புழுக்கத்திலும் அதுதான்.

முதலில் வணக்கம் பரிமாறுவார்கள். ஒரு பக்கம் தன் பல்கலைப் பாடலைப் பாடும். பாடும்போது கொடி உயரும். படுக்கை விரிப்புகள் பலவற்றை ஒன்றாய்த் தைத்ததுபோன்ற பரப்பும், அதைத் தாங்கும் கனமான கம்பமும் கொண்ட கொடி. இடுப்பில் கட்டிய தோல்வாரின் குழியில் கம்பத்தை ஊன்றிக்கொண்டு, முதுகைப் பின்னால் வளைத்து, ஒரே ஆள் பிடித்து நிற்பார். காற்று அடித்தால் கால் பெருவிரல்கள் காலணிக்குள் இறுகுவது தெரியும், தாடை நடுங்கும். கொடி தரையைத் தொடக்கூடாது. உதவிக்கு ஆள் பின்னால் நின்றாலும் கம்பத்தைத் தொடமாட்டார், விழுந்தால் பிடிக்கத்தான் நிற்கிறார். பாடல் முடிந்ததும் அதே கூட்டம் எதிரணியின் பெயரைச் சொல்லி அவர்களுக்கு வாழ்த்து முழங்கும். பிறகு எதிர்ப் பக்கம் இதையே திருப்பிச் செய்யும். சற்று நேரத்தில் தோற்கடிக்கப்போகிறவரை இவ்வளவு சத்தமாக வாழ்த்துவதை முதன்முறை பார்க்கிறவர், இது முறைக்காகச் செய்கிற சடங்கு என்று நினைப்பார். சடங்குதான். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் ஓர் ஒழுங்கு புலப்படும். மட்டையெடுக்கும் பக்கம் மட்டுமே இசைக்கும். களத்தில் நிற்கும் அணியின் ஆதரவாளர்கள் கைதட்டலோடு சரி. அதனால் சத்தம் ஒவ்வொரு அரை இன்னிங்ஸுக்கும் மைதானத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும். அடுத்து எந்தப் பாட்டு என்று அட்டையில் எழுதிக் காட்டுவார்கள். ஓட்டம் விழுந்தால் அதற்கென்று ஒரு பாட்டு. கெயோ பக்கம் தோள்மேல் கைபோட்டு ஆடுவார்கள். வசேதா பக்கமும் அப்படியே, பாட்டுதான் வேறு. ஏழாம் இன்னிங்ஸ் வந்ததும் அவரவர் பல்கலைப் பாடலுக்காக எழுந்து நிற்பார்கள். எழுபது வயதுக்காரரும் அப்போது தொப்பியைக் கழற்றுவார். ரிக்கியோ ஓட்டம் எடுத்தால் ஆங்கிலப் பாட்டு ஒன்று கிளம்பும். 1874இல் அமெரிக்க ஆங்கிலிக்கப் பாதிரியார் நிறுவிய பல்கலை அது. அதுவரை ஒரு சொல்லும் புரியாமல் உட்கார்ந்திருந்த வெளிநாட்டவர் சட்டென்று நிமிர்ந்து பார்க்கிற இடம் அது.

இத்தனைக்கும் நடுவே வழிநடத்துபவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. அவர்கள் மைதானத்துக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார்கள். பந்து மட்டையில் பட்ட ஓசை பின்னாலிருந்து வரும். அது எங்கே போனது என்பதை எதிரே உள்ள முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முகங்கள் மலர்ந்தால் ஒரு சைகை, வாடினால் வேறொன்று. நான்கு ஆண்டு ஆட்டத்துக்கு வந்தவர் ஆட்டத்தில் பெரும்பகுதியைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிப் போவார். அணி தோற்றால் எங்கள் ஆதரவு போதவில்லை என்று அவர்கள் கூட்டத்திடம் மன்னிப்புக் கேட்பதும் உண்டு. வேடிக்கை பார்ப்பது சும்மா இருப்பவன் வேலை என்று நினைக்கிற யாருக்கும் இது சற்று உறைக்கும். இங்கே பார்வையாளர் பகுதி களத்துக்கு வெளியே இருக்கும் இன்னொரு களம். ஓட்டப் பலகை மட்டும் அதற்குக் கிடையாது.

இது ஜப்பானிய மனத்தின் அடியாழத்திலிருந்து வந்தது என்று பயண எழுத்துகள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வசேதா பேஸ்பால் கிளப்பை உருவாக்கிய அபே இசோ, கிறிஸ்தவர், சோஷலிஸ்ட். அவர் 1905இல் அணியை அமெரிக்காவுக்கு அழைத்துப்போனார். 26 ஆட்டங்களில் 7 வெற்றி, 19 தோல்வி. போனவர்கள் திரும்பும்போது பண்ட் அடிக்கும் நுட்பம், பிட்சர் உடலைச் சுழற்றி எறியும் முறை இவற்றோடு, அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஒரே குரலில் முழங்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். கறுப்புச் சீருடையும் கைவீச்சும் கொடியும் பிறகு சேர்ந்தவை. அமெரிக்காவிலிருந்து வந்து இதை வாய்பிளந்து பார்ப்பவர், தன் கொள்ளுத்தாத்தாக்கள் கைவிட்ட ஒன்றைத்தான் பார்க்கிறார்.

பாட்டுகளுக்கும் பிறந்த தேதி உண்டு. கெயோ இன்று பாடும் ஆதரவுப் பாடலை 1927இல் ஹொரியுச்சி கெய்ஸோ எழுதினார். அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் தவித்த வசேதாவுக்கு 1931இல் மெட்டமைத்துக் கொடுத்தவர் கொசெக்கி யூஜி, அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். பின்னால் அவரே கெயோவுக்கும் ஒரு பாட்டு போட்டுக்கொடுத்தார். ஹான்ஷின் டைகர்ஸ் அணிக்கும், அதன் பரம வைரியான ஜயண்ட்ஸுக்கும், கோஷியென் போட்டிக்கும், 1964 டோக்கியோ ஒலிம்பிக் அணிவகுப்புக்கும் இசை அவருடையதே. 1965இல் வசேதா வாத்தியக் குழுவில் உருவான காம்பாட் மார்ச் என்ற துள்ளல் இசை, பள்ளி மைதானங்களுக்கெல்லாம் பரவி, எங்கே தோன்றியது என்பதே மறந்துபோகுமளவு பொதுச்சொத்தாகிவிட்டது.

ஆட்டத்தின் தரம் பற்றியும் சொல்லவேண்டும். பள்ளியில் உலோக மட்டை, கல்லூரியில் மர மட்டை. கோஷியெனில் பந்தை வேலிக்கு அப்பால் பறக்கவிட்ட பையன்கள் பலர் இங்கே முதல் ஆண்டில் திணறுவார்கள். பிட்சர்களின் கை ஓங்கியிருக்கும். முதல் பேஸில் ஆள் நின்றால் அடுத்தவர் தன் வாய்ப்பைப் பலிகொடுத்துப் பந்தை மெல்லத் தட்டி அவரை நகர்த்துவது இன்னும் மரியாதையான வேலை. ஆட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இரு அணிகளும் வரிசையாக நின்று தலைவணங்கும். பிட்சருக்குப் பதிலாக மட்டையெடுக்க வேறு ஆளை நிறுத்தும் விதியை மற்ற லீக்குகள் ஏற்றுப் பல காலம் ஆன பின்னும் இந்த ஆறு பேர் பிடிவாதமாகத் தள்ளிப்போட்டு, 2026 வசந்தத்தில்தான் ஏற்றார்கள். இங்கே ஆடிப் பெயர்பெற்றவர்கள் பட்டியல் நீளம். ரிக்கியோவின் நகாஷிமா ஷிகேயோ 1957இல் தன் எட்டாவது ஹோம் ரன்னை அடித்து அன்றைய சாதனையை முறியடித்தார். இன்று அந்தச் சாதனை கெயோவின் தகஹாஷி யோஷினோபுவிடம், 23. எகாவா சுகுரு ஹோசெய்க்காக 47 ஆட்டங்கள் வென்றார். அவரைவிட ஒன்று கூடுதலாக வென்ற யமனக்கா மசதகேயும் ஹோசெய்தான். 1995இல் மெய்ஜிக்காகப் பந்தெறிந்த ஜோடி ஹாலர் இந்த லீக்கில் ஆடிய முதல் பெண்; அவர் அமெரிக்கர்.

டோக்கியோ பல்கலைக்கழகம் தனிக்கதை. நாட்டிலேயே கடினமான நுழைவுத் தேர்வு எழுதி வந்தவர்கள் ஆடும் அணி அது. மற்ற பல்கலைகளில் கோஷியெனில் பெயர்வாங்கிய வீரர்கள் நிறைந்திருப்பார்கள். இங்கே பந்தெறிபவருக்கும் தேர்வில் சலுகை இல்லை. நூறு ஆண்டில் ஒரு முறையும் பட்டம் வென்றதில்லை. மிக உயரம் ஏறியது 1946 வசந்தத்தில். கடைசி ஆட்டத்தில் கெயோவிடம் 0-1 என்று தோற்று இரண்டாமிடம். 2010 இலையுதிர்காலத்தில் தொடங்கிய தோல்வி வரிசை 94 ஆட்டம் நீண்டு, 2015 மே மாதம் ஹோசெயை வென்றபோது அறுந்தது. அந்த நான்கரை ஆண்டில், சேர்ந்த நாள் முதல் பட்டம் வாங்கும்வரை ஒரு வெற்றியும் காணாமல் போன வீரர்கள் இருந்தார்கள். 2017இல் மியதாய் கோஹெய் என்ற இடக்கைப் பிட்சர் இருந்தபோது ஹோசெயை இரண்டு முறை வீழ்த்தி 15 ஆண்டுகளுக்குப் பின் ஒரு புள்ளி எடுத்தார்கள். அவர் தொழில்முறை அணிக்கும் போனார்.

வேறெந்த லீக்கிலும் இத்தகைய அணியைக் கீழ்ப்பிரிவுக்கு எப்போதோ அனுப்பியிருப்பார்கள். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. இது நியாயமா என்று கேட்கலாம்; விளையாட்டின் கணக்கில் நியாயமில்லை. திறமையான பல அணிகள் வாசலுக்கு வெளியே நிற்க, தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணி பேரரசர் கோப்பைக்கு ஆடுகிறது. ஆனால் இந்த லீக் தரவரிசைக்குக் கட்டுப்பட்டதல்ல. யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறோம் என்ற பழைய நினைவே அதைக் கட்டிவைத்திருக்கிறது. டோக்கியோவின் ஆதரவுக் குழுவைப் பார்த்தால் இது விளங்கும். எட்டு ஓட்டம் பின்தங்கிய ஒன்பதாம் இன்னிங்ஸிலும் அவர்களுடைய தாளம் ஒரு மாத்திரைகூடத் தளர்வதில்லை. வெற்றி வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்கிறதா என்று கேட்பதே பொருத்தமில்லாத கேள்வி.

பருவத்தின் கடைசி வார இறுதி எப்போதும் வசேதாவுக்கும் கெயோவுக்கும். அந்த நாட்களில் மட்டும் வேறு ஆட்டம் கிடையாது. பட்டம் வேறொருவருக்கு முடிவாகியிருந்தாலும் மைதானம் நிறையும். வசேதா முதல் பேஸ் பக்கம், கெயோ மூன்றாம் பேஸ் பக்கம், இது மாறாது. காரணம் ஓர் ஆப்பிள். 1933 அக்டோபரில் நடுவர் தீர்ப்புகளால் சூடேறிய ஆட்டத்தில், வசேதா கூட்டம் எறிந்த ஆப்பிள் ஒன்றைக் கெயோவின் மூன்றாம் பேஸ் காவலர் மிசுஹாரா ஷிகேரு திருப்பி வீசினார். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. அதன்பின் மூன்றாம் பேஸ் பக்கம் நிரந்தரமாகக் கெயோவுக்கே ஒதுக்கப்பட்டது. மிசுஹாரா பிற்காலத்தில் ஜயண்ட்ஸ் அணிக்குப் பட்டம் பட்டமாக வென்றுகொடுத்த பயிற்றுநர் ஆனார். ஆனாலும் ஆப்பிள் அவரை விடவில்லை.

1943 ஏப்ரலில் அரசின் உத்தரவால் லீக் கலைக்கப்பட்டது. அந்த இலையுதிர்காலத்தில் மாணவர்களுக்கு இருந்த படைச்சேவை விலக்கும் ரத்தானது. போர்முனைக்குப் போவதற்கு முன் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிடலாம் என்று கெயோ கேட்டது. கெயோ தலைவர் கொய்ஸுமி ஷின்ஸோ ஆதரித்தார். வசேதா நிர்வாகம் சம்மதிக்கவில்லை. கிளப்பின் மூத்த ஆசான் தொபித்தா சுய்ஷூவும் வீரர்களும் பொறுப்பேற்று, அக்டோபர் 16 அன்று வசேதாவின் தொத்சுகா மைதானத்தில் நடத்தினார்கள். வசேதா 10-1. ஆட்டம் முடிந்தபின் ஒரு பக்கத்தின் பாட்டை மறுபக்கம் பாடியது. ஆடியவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. இந்த தொபித்தாவே தன் வீரர்களைச் சாகும்வரை பயிற்சி என்று வாட்டியெடுத்தவர். மாணவர் ஆட்டத்தின் தூய்மை பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

இன்னும் பேசப்படுவது 1960 நவம்பர். வசேதா தொடரை வென்று கெயோவோடு சமநிலைக்கு வந்தது. பட்டத்துக்காக மறு ஆட்டம்: 1-1, இருட்டிவிட்டது. அடுத்தது 0-0, மறுபடி இருட்டு. மைதானத்தில் அப்போது மின்விளக்கு இல்லை. மூன்றாவது மறு ஆட்டத்தில் வசேதா 3-1. ஒரு வாரத்தில் ஆறு ஆட்டங்கள். அவற்றில் ஐந்தை அந்தோ மொதோஹிரோ தொடக்கம் முதல் முடிவுவரை தனியாளாக எறிந்தார். இன்றைய மருத்துவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். சரியாக 50 ஆண்டு கழித்து 2010 நவம்பரில் இதே இருவருக்கும் மறுபடி பட்டத்துக்கான தனி ஆட்டம் வந்தது. சைதோ யூக்கி எறிய, வசேதா 10-5.

சனிக்கிழமை இரண்டாவது ஆட்டம் முடிந்து பித்தளை வாத்தியங்கள் உறைக்குள் போகும்போதே, இரவு ஆட்டத்துக்கான ரசிகர்கள் சிறு குடைகளோடு வெளியே வரிசைகட்டியிருப்பார்கள். ஸ்வாலோஸ் ஓட்டம் எடுத்தால் குடை விரித்து ஆடுவது அவர்கள் வழக்கம். அது வேறு உற்சாகம். பீரும் வறுத்த சாசேஜும் சேர்ந்தது, யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளக்கூடியது. பகல் முழுக்க எந்தப் பக்கமும் சேராமல் உட்கார்ந்திருந்த வெளிநாட்டவருக்கு அங்கே உடனே ஓர் இடம் கிடைத்துவிடும்.

கல்லூரி ஆட்டத்தின் மறுமுகத்தையும் பார்க்க விரும்புகிறவர் செவ்வாய் அல்லது புதன்கிழமை வரவேண்டும். வார இறுதி ஆறு பேருக்குப் போய்விடுவதால், 1931இல் தொடங்கிய தோத்தோ லீக் வேலைநாட்களில் இதே மைதானத்தில் ஆடுகிறது. ஆசியா, கொமஸவா, அவோயமா ககுயின், கொக்குகாகுயின், ச்சூவோ, தோயோ என்று பெயர்கள் மாறிமாறி வரும். மாறி வருவதுதான் அதன் விதி. நான்கு பிரிவுகள்; மேல்பிரிவின் கடைசி அணி கீழ்ப்பிரிவின் முதல் அணியோடு மோதி இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் தரத்தை மட்டும் எடைபோடுபவர்கள் பலர் இதையே மேலென்பார்கள்; பாஸ்டனுக்குப் போன யோஷிதா மசதகா அவோயமா ககுயினில் ஆடியவர். பார்வையாளர் பகுதியில் அலுவலகத்துக்கு மட்டம் போட்டவர்களும் ஓய்வுபெற்றவர்களும் கையில் ரேடார் கருவியோடு தொழில்முறை அணிகளின் ஆள்தேடுவோரும் சிதறி உட்கார்ந்திருப்பார்கள். பட்டத்துக்கான ஆட்டத்தைவிட, கடைசி இடத்தைத் தவிர்ப்பதற்கான இடமாற்ற ஆட்டத்தில்தான் அங்கே அழுகை அதிகம். தோற்றால் அடுத்த பருவத்தில் ஜிங்கூவில் ஆட்டமில்லை; கீழ்ப்பிரிவினர் வழக்கமாக ஆடிய பக்கத்து இரண்டாம் மைதானமும் 2019இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டுவிட்டதால், அவர்கள் புறநகர் மைதானங்களைத் தேடிப்போக வேண்டும்.